ரிஸ்வானின் கார்ட்டும் மாப்பிள்ளை கேட்ட சாவியும்

கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் குறையுங்கள். ஆள் வந்ததும் பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். கல்முனையில் வாடகைக்குக் கார் எடுக்க வருகிறவர் உங்கள் பல்லைப் பார்க்க வருவதில்லை. அவரிடம் நீங்கள் கிரெடிட் கார்ட்டைக் கேட்கப் போகிறீர்கள். கேட்டதும் அவருடைய முகம் எப்படி மாறும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் அந்த முகங்களைப் பார்த்துத்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

போன கிழமை மெனேஜர் போன் எடுத்து, "மிஸ், புதுசா மூணு பேர் வந்திரிக்காங்க. ஒருக்கா வந்து உங்கட அனுபவத்தக் கதைச்சிட்டுப் போங்க" என்றார். பென்சன் எடுத்த பொம்பளைக்கு ஒரு பிளேன்டீயும் இரண்டு பட்டிஸும் தந்து அனுபவத்தைக் கறந்துவிடலாம் என்று நினைக்கிறார், பாவம். நான் எழுதியே தருகிறேன். படிவம் நிரப்புவது, சாவி நம்பர் பதிவது, எண்ணெய் முள்ளைப் பார்ப்பது எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் உங்களுக்குச் சொல்லித் தரும். அது சொல்லித் தராத இடத்தில் நான் விட்ட பிழைகளைத்தான் சொல்லப் போகிறேன்.

டிப்போசிட்டில் தொடங்குவோம். எங்கள் பக்கத்தில் ஒரு மனிசனிடம் டிப்போசிட் கேட்பது, உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். "நான் ஆர் எண்டு தெரியுமா? என்ட வாப்பா இந்த டவுன்ல நாப்பது வருசம் கடை வச்சவரு" என்று தொடங்குவார்கள். நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். "ஓம் காக்கா, எனக்கு உங்களத் தெரியும். இந்த மெஷினுக்குத்தான் உங்களத் தெரியா." சிலர் சிரிப்பார்கள். சிலர் பள்ளிவாசல் தலைவருக்கே போன் போட்டு என் கையில் தருவார்கள். பள்ளித் தலைவர் பாவம், அவர் சலாம் சொன்னால் மெஷின் கேட்குமா?

என் முதல் வருடத்தில் மருதமுனையில் சாரன் நெய்து விற்கும் ஒரு முதலாளி கொழும்புக்குப் போகக் கார் எடுத்தார். கார்ட்டில் ஒரு தொகையைப் பிடித்து வைக்கும்போது, "என்ன தங்கச்சி இது?" என்று கேட்டார். "ஒண்டுமில்ல காக்கா, காசு போகாது, சும்மா ஒரு ஹோல்ட்" என்றேன். இந்தச் சும்மா என்ற சொல்லுக்கு நான் பிறகு பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். மனிசன் கொழும்பில் நூல் கொள்வனவு செய்யப் போயிருக்கிறார். மொத்த வியாபாரிகள் நாலு பேர் பார்த்திருக்க, மெஷின் கார்ட்டை மறுத்துவிட்டது. திரும்பி வந்தவர் தனியாக வரவில்லை, தம்பிமார் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். "எங்க என்ட காசு?" என்று நால்வரும் மாறி மாறிக் கேட்டார்கள். காசு அவரிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை, பேங்கில் பூட்டிக் கிடக்கிறது என்று அந்த நால்வருக்கும் நான் விளக்கி முடிக்க லுஹர் தொழுகை நேரம் ஆகிவிட்டது.

அன்றிலிருந்து நான் இப்படித்தான் சொல்வேன்: "காரைக் கொண்டு வந்து தந்து, அதுக்குப் பிறகும் சில நாளைக்கு, கார்ட்டில இவ்வளவு உங்கட இல்ல எண்டு நினைச்சிக்கொள்ளுங்க. அத நம்பி ஒண்டும் வாங்கப் போகாதீங்க." கேட்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். தம்பிமாரைக் கூட்டி வருவதற்கு அது பரவாயில்லை.

அடுத்தது எக்ஸஸ். கார் எங்காவது அடிபட்டால் முதலில் ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் செலவு எடுத்தவர் தலையில். அதற்கு மேலேதான் இன்சூரன்ஸ். அந்த முதல் தொகைக்குப் பெயர் எக்ஸஸ். நாளுக்குக் கொஞ்சம் கூடக் கட்டினால் அந்தத் தொகையையும் நாங்கள் கேட்கமாட்டோம், அது எக்ஸஸ் கவர். இது இவ்வளவுதான். ஆனால் லண்டனிலிருந்து வருகிற எங்கள் பிள்ளைகளுக்கு இது விளங்கவே விளங்காது. ஒருவன் போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, "நான் இன்டர்நெட்டில எக்ஸஸ் கவர் எடுத்துட்டன், உங்கட விலையில கால்வாசி. இனி எதுக்கு டிப்போசிட்?" என்றான். மகன், அந்தக் கம்பனி பிறகு உனக்குத் தரும், ஆனால் முதலில் நீ எங்களுக்குக் கட்ட வேண்டும், பற்றுச்சீட்டை அனுப்ப வேண்டும் என்றேன். "பகல் கொள்ளை" என்று சொல்லிக் கையெழுத்திட்டுப் போனான். நேரே அறுகம்பைக்குப் போய், ரோட் இருக்க மணலில் இறக்கி, அடித்தட்டைக் கிழித்துக்கொண்டு வந்தான். அடித்தட்டுக்கு எங்கள் கவரும் கிடையாது, அவனுடைய இன்டர்நெட் கவரும் கிடையாது. அப்போதுதான் இரண்டு பேப்பரையும் முதன்முதலாகப் படித்தான், அதுவும் என் கவுண்டரில் நின்றுகொண்டே.

இவர்களைப் பற்றி நான் எவ்வளவும் சிரிப்பேன். ஆனால் ரிஸ்வானின் விசயத்தில் சிரிக்க வேண்டியது என்னைப் பார்த்துத்தான்.

ரிஸ்வான் சாய்ந்தமருதுப் பொடியன். கத்தாரில் ஒரு கட்டடக் கம்பனியில் வேலை. ஆள் நல்ல உயரம், எங்கள் கவுண்டர்க் கண்ணாடிக்குக் குனிந்துதான் கதைப்பான். தங்கச்சி நஸ்ரினின் கல்யாணத்துக்கு மூன்று கிழமை லீவில் வந்திருந்தான். எங்களிடம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். வந்த முதல் கிழமை அவரை வைத்துக் கொண்டாடும் கொண்டாட்டமும் தெரியும். மாப்பிள்ளை இருமினால் மூன்று பேர் தண்ணீர் கொண்டு ஓடுவார்கள். விருந்துக்குக் கூட்டிப் போக, வரக் கார் வேண்டும் என்று ரிஸ்வான் கல்யாணத்துக்கு முதல் நாள் கவுண்டருக்கு வந்தான்.

டிப்போசிட்டுக்கு அவன் முறைக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் ஒன்று சொன்னான். "மிஸ், நான் வாற டிக்கெட் மட்டும்தான் எடுத்து வந்த. திரும்பிப் போற டிக்கெட்டும் இதே கார்ட்லதான் எடுக்கணும். வாற கிழமை வெள்ளியோட விசா முடியிது. வெள்ளிக்குள்ள உள்ள போகாட்டி வேலையும் இல்ல, ஒண்டும் இல்ல. கல்யாணத்தோட கையில உள்ளது எல்லாம் முடிஞ்சி."

"காரத் திங்கள் காலையில தாங்க தம்பி. நான் அண்டைக்கே ஹோல்ட விடச் சொல்லுறன். புதன் எண்டா கார்ட் உங்கட கையில" என்றேன். எக்ஸஸ் கவரும் எடுத்துக்கொண்டான். "கீறல் விழுந்தாலும் எனக்குத் தல நோவு இல்லதானே மிஸ்?" என்று கேட்டான். "ஒரு தல நோவும் இல்ல" என்றேன், பெரிய மனிசி மாதிரி.

பிறகு படிவத்தில் ஒரு கட்டம். வேறு யாராவது ஓட்டுவார்களா? அவருடைய பெயர், லைசன் நம்பர். நான் பேனாவைப் பிடித்தபடி, "நீங்க மட்டும்தானே தம்பி?" என்று கேட்டேன். கவனியுங்கள், நான் கேட்ட விதத்தை. பதிலையும் நானே கொடுத்துவிட்டுக் கேட்டிருக்கிறேன். அவன், "ஓம் மிஸ்" என்றான். நான் அந்தக் கட்டத்தைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன்.

நான் சாய்ந்தமருதுக்காரி. மூன்று தங்கச்சிகளைக் கட்டிக் கொடுத்தவள். மாப்பிள்ளை மூன்றாம் நாள் சாவியைக் கேட்பார், மச்சான்காரன் வாய் திறக்காமல் கொடுப்பான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மாப்பிள்ளையின் லைசன் கொப்பி கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பி, "உங்கட பிள்ளைட லைசனத் தாங்க" என்று கேட்டால் அந்தக் கல்யாணம் என்னத்துக்கு ஆகும்? பின்னால் நாலு பேர் வரிசையில் நின்று புறுபுறுத்தார்கள். எனக்கும் வெட்கம், அவனுக்கும் வெட்கம். அந்த வெட்கத்துக்காக ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டேன். காரை அவர் ஓட்டினால் எக்ஸஸ் கவர் மட்டுமல்ல, முழு இன்சூரன்ஸும் காற்றில் போய்விடும் என்று அந்தப் பொடியனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது. ஒலுவில் பக்கம், வயல் ரோட்டில், மாட்டுப் பட்டி குறுக்கே வந்து, விலத்தப் போய் மதகில் மோதிவிட்டதாம். ஆளுக்கு ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். மாட்டுக்கும் ஒன்றும் இல்லை. காருக்குத்தான் முகமே இல்லை. "ஆர் தம்பி ஓட்டின?" என்று கேட்டேன். "நான்தான் மிஸ்" என்றான் ரிஸ்வான்.

திங்கள் காலை காரை இழுத்து வந்து யார்டில் போட்டார்கள். எங்கள் யார்டைப் பார்க்கும் ஜப்பார் காக்கா அதைச் சுற்றி வந்து, டிரைவர் சீட்டைக் காட்டினார்.

"மிஸ், இத ஒருக்காப் பாருங்க. சீட் முன்னுக்கு ஸ்டியரிங்கோட ஒட்டிக் கிடக்கு. ரிஸ்வான் இதில இரிந்தா முழங்கால் ரெண்டும் காதுக்கு மேலதான் வரும்."

"அப்ப ஆர்?"

"நான் வலீமா விருந்துக்குப் போன ஆள். மாப்புள கொஞ்சம் கட்ட" என்று சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. பார்த்தீர்களா, நான் முதலே நினைத்தது சரிதானே என்று. எவ்வளவு கெட்டிக்காரி நான்!

பத்து மணிக்கு ரிஸ்வான் வாப்பாவோடு வந்தான். மஜீத் காக்கா ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர். கால் நோவு, கைத்தடியோடுதான் நடப்பார், ஆனால் குரலில் இன்னும் காலைக் கூட்டம் நடக்கும். மெனேஜரும் வந்து என் பக்கத்தில் நின்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. "காக்கா, ஓட்டின ஆள் ரிஸ்வான் இல்ல. சீட்டே சொல்லுது. நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் வந்து பார்த்தா அவனுக்கும் சொல்லும்" என்றேன்.

மஜீத் காக்கா கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "மருமகன் ஊட்டுக்கு வந்து நாலு நாள் ஆகல்ல தங்கச்சி. அவர்ர பேரப் போலிஸ் பேப்பர்ல எழுதுற எண்டா, நான் வயலை வித்தாவது உங்கட காரக் கட்டித் தாறன்."

"வயலை எந்த வெள்ளிக்குள்ள வாப்பா விக்கிற?" என்றான் ரிஸ்வான். அவனுடைய கண் சிவந்து கிடந்தது. "எனக்கு வெள்ளிக்குள்ள டிக்கெட் வேணும். கார்ட் இவங்கட்ட பூட்டிக் கிடக்கு."

அப்போதுதான் எங்கள் மெனேஜர் தன்னுடைய படிப்பையெல்லாம் திரட்டி ஒரு யோசனை சொன்னார். "மிஸ், ரெண்டாவது ஓட்டுநர் கட்டம் வெறுமையாத்தானே கிடக்கு. மாப்பிள்ளைட பேரை அதில போட்டுட்டா? முந்தியே எழுதின மாதிரித்தான் இரிக்கும். கவரும் செல்லும், இன்சூரன்ஸும் செல்லும், இவர்ர கார்ட்டும் இண்டைக்கே விடுபடும். ஆருக்கு நட்டம்?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் நிமிர்ந்து நின்று, "அது மோசடி சேர்" என்று சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. நான் பேனாவை எடுத்தேன். ரிஸ்வானைப் பார்த்தேன், என் பிழையால் ஒரு பொடியனுடைய பிழைப்புப் போகப் போகிறது என்று நெஞ்சு பதறியது. மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டு, அந்தக் கட்டத்தில் என் அழகான எழுத்தில் எழுதினேன். அடுத்தது லைசன் நம்பர். "அதைக் கொண்டு வாங்க தம்பி, நம்பர் இல்லாம இது செல்லாது" என்றேன். ரிஸ்வான் த்ரீவீல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். மஜீத் காக்கா கதிரையில் இருந்து தஸ்பீஹ் உருட்டினார். மெனேஜர் ஏதோ பெரிய காரியம் முடித்தவர் மாதிரி எல்லாருக்கும் பிளேன்டீ சொன்னார்.

பிளேன்டீ ஆறும் முன்னே த்ரீவீலொன்று வாசலில் வந்து நின்றது. ரிஸ்வான் முதலில் இறங்கினான், முகம் வெளிறிப் போயிருந்தது. பின்னால் மாப்பிள்ளை, அவருக்குப் பின்னால் நஸ்ரின், கையில் மருதாணிச் சிவப்பு இன்னும் மங்காமல். கல்யாணமாகி நாலாம் நாள் ஒரு புதுப்பெண் வாடகைக் கார் கவுண்டருக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. மஜீத் காக்கா கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார்.

"மருமகன், நீங்க எதுக்கு இஞ்ச? லைசனக் குடுத்து விட்டாப் போதுமே!"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு ஒரு அட்டையை என் முன் வைத்தார். எடுத்துப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும். காரென்ற பேச்சே அதில் இல்லை.

"எனக்குக் கார் ஓட்டத் தெரியா மாமா" என்றார். இன்ஜினியர் மாப்பிள்ளை, ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மாப்பிள்ளை. "சாவிய நான்தான் மச்சான்ட்டக் கேட்டு வாங்கின. நான் ஓட்டுறன் எண்டு எல்லாரும் நினைச்சாங்க. நான் இல்ல எண்டு சொல்லல்ல."

"அப்ப ஆர் ஓட்டின? சீட் தானாப் போச்சா?" என்று ஜப்பார் காக்கா வாசலில் நின்று கேட்டார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

"நான்தான்" என்றாள் நஸ்ரின். கைப்பையைத் திறந்து தன்னுடைய லைசனை எடுத்து, கவுண்டரில், மாப்பிள்ளையின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஒலுவில் கடலப் பாக்கோணும் எண்டு ஆசைப்பட்டது நான். ஓட்டினதும் நான். மாடு வரக்குள்ள ஸ்டியரிங்கத் திருப்பினதும் நான். அவரு என்னக் காப்பாத்தப் பேசாம இரிந்தாரு. ரிஸ்வான் காக்கா அவரக் காப்பாத்தப் பொய் சொன்னாரு. வாப்பா எங்க எல்லாரையும் காப்பாத்த வயல விக்கப் போறாங்க. ராத்தா, இத இஞ்சயே நிப்பாட்டுங்க. என்ட பேர எழுதுங்க."

எனக்கு நெற்றியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிய மாதிரி இருந்தது. மாப்பிள்ளைமாரை எனக்குத் தெரியும், ஊரை எனக்குத் தெரியும் என்று எவ்வளவு நெஞ்சை நிமிர்த்தினேன்! கட்டத்தில் நான் எழுதியிருந்த பெயர் கார் ஓட்டவே தெரியாத ஒரு மனிசனுடையது. பொய் எழுதியதே வெட்கம். அதிலும் பிழையான பொய்யை எழுதி வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டில் பொம்பளைப் பிள்ளை ஒருத்தி ஓட்டியிருப்பாள் என்று, பொம்பளையாகிய எனக்கே ஒரு கணம் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடும்.

"மிஸ், அவசரப்படாதீங்க" என்றார் மெனேஜர். "நஸ்ரின்ட பேரைப் போட்டாலும் சரிதானே. அவங்களுக்கு லைசன் இரிக்கி. இதை வெட்டிட்டு, புதுப் படிவம் ஒண்டு..."

"சேர், நீங்க பிளேன்டீயக் குடிங்க" என்றேன்.

நான் அந்தப் பெயரைக் குறுக்கே வெட்டினேன். வெட்டிய இடத்தில் என் கையெழுத்தையும் அன்றைய திகதியையும் போட்டேன். விபத்து அறிக்கையில் ஓட்டியவர் என்ற இடத்தில் நஸ்ரினின் பெயர். அதோடு தலைமை அலுவலகத்துக்கு நாலு வரிக் கடிதம் எழுதினேன். வேறு யார் ஓட்டுவார்கள் என்று வாடிக்கையாளரிடம் ஒழுங்காகக் கேட்கவில்லை, பதிலை நானே கொடுத்தேன், படிவத்தில் பெயர் இல்லாத ஆள் ஓட்டினால் கவர் செல்லாது என்று சொல்லவும் இல்லை. விபத்துக்குப் பிறகு ஒரு பெயரை எழுதி வெட்டியதும் நான். மெனேஜருடைய யோசனையை அதில் எழுதவில்லை. எழுதியது என் கைதானே. கடிதத்தைப் படித்துவிட்டு மெனேஜர் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை, அது ஒரு ஓய்வாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை இன்சூரன்ஸ்காரர் வந்தார். வரும்போதே கையில் போன். மதகுக்கு எதிரே உள்ள அரிசி ஆலையின் கேமராவில், அபாயா போட்ட பிள்ளை டிரைவர் கதவைத் திறந்து இறங்குவது பட்டப்பகல் மாதிரித் தெரிந்தது. மாப்பிள்ளையின் பெயரோடு அந்தப் படிவம் போயிருந்தால் நானும் மெனேஜரும் ரிஸ்வானும் வரிசையாகப் போலிஸில் நின்றிருப்போம். ரிஸ்வான் வெள்ளிக்கிழமை கத்தாரில் அல்ல, கல்முனை நீதிமன்றத்தில் நின்றிருப்பான்.

இன்சூரன்ஸ் கையை விரித்தது. அதில் நியாயம் இருந்தது. முழுச் செலவையும் ரிஸ்வானின் தலையில் கட்டத் தலைமை அலுவலகம் தயாராகத்தான் இருந்தது. என் கடிதம் அவர்களுக்குக் குறுக்கே கிடந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாத பிழை எங்கள் பக்கம் என்று எங்கள் ஆளே கையெழுத்திட்டிருக்கும்போது முழுவதையும் வாடிக்கையாளரிடம் வாங்குவது எப்படி? நான் செவ்வாய் முழுவதும் கொழும்புக்கு போன் எடுத்துக் கத்தினேன், கெஞ்சினேன், ஒருமுறை அழவும் அழுதேன். கடைசியில் எக்ஸஸ் தொகையை மட்டும் கட்டட்டும், மீதியைக் கம்பனி பார்க்கும் என்று இறங்கி வந்தார்கள். அந்த வருடம் எனக்கு போனஸ் இல்லை. இருக்கக்கூடாதுதான்.

எக்ஸஸும் சின்னத் தொகையல்ல. கார்ட்டில் பிடித்து வைத்ததை அப்படியே எடுத்துக்கொண்டால் ரிஸ்வானுக்கு டிக்கெட் இல்லை. புதன் காலை கதவு திறக்கும்போதே நஸ்ரின் வாசலில் நின்றாள், மாப்பிள்ளையும் பக்கத்தில். ஒரு கடித உறையை என்னிடம் தந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

"இவரு மஹராத் தந்த மாலைய வித்த ராத்தா. அது என்ட சொத்து, ஆருட்டயும் கேக்கத் தேவல்ல. காக்காட கார்ட்ல ஒரு சதமும் தொடாதீங்க."

மாப்பிள்ளையைப் பார்த்தேன், அவர் கட்டிய மாலையல்லவா. "அவட முடிவு மிஸ்" என்றார். "நான் நகைக் கடைக்குக் கூடப் போன, அவ்வளவுதான்." கட்டையான அந்த மனிசன் எனக்கு அன்று கொஞ்சம் உயரமாகத் தெரிந்தார்.

காசை எண்ணி, பற்றுச்சீட்டு எழுதி, ஹோல்டை விடும் கடிதத்தைப் பேங்குக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் பேங்க்காரன் அடுத்த கிழமைதான் பார்ப்பான். இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஹோல்டை விடுவது என்பது கடிதம் அனுப்புவது அல்ல, கார்ட் விடுபட்டுவிட்டது என்று அந்த மனிசன் வாயால் கேட்கும்வரை போனை வைக்காமல் இருப்பது. பின்னேரம் மூன்று மணிக்கு ரிஸ்வான் போன் எடுத்தான். "மிஸ், டிக்கெட் எடுத்துட்டன். நாளைக்கு ராவைக்கு ஃபிளைட்" என்றான். நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்துக் கவுண்டர்ப் பிள்ளை ஃபேனைக் கூட்டிவிட்டாள், வேர்க்கிறதாக்கும் என்று.

புதிதாக வந்தவர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். "நீங்க மட்டும்தானே?" என்று இனி ஒருவரிடமும் கேட்காதீர்கள். "உங்கட ஊட்டுல லைசன் உள்ள ஆக்கள் ஆரார்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருங்கள். வரிசையில் நிற்கிறவன் புறுபுறுத்தால் புறுபுறுக்கட்டும். மாப்பிள்ளையின் லைசனைக் கேட்டதற்காக ஒரு கல்யாணமும் இந்த ஊரில் நிற்காது, மாட்டிறைச்சி குறைந்தால்தான் நிற்கும்.

அந்தப் புதன் அஸர் தொழுகைக்குப் பிறகு, நான் பையைத் தூக்கிப் புறப்படும் நேரம், மஜீத் காக்கா கைத்தடியோடு தனியாக உள்ளே வந்தார். ஊருக்கே தெரியும்படி மகளுடைய பெயரை எழுதிவிட்டேன், ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் இருந்து, மூச்சு வாங்கி, ஜேப்பிலிருந்து நஸ்ரினின் லைசனை எடுத்தார். அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி எடுத்திரிக்காள் தங்கச்சி. ட்ரெயினிங் கொலிஜில படிக்கக்குள்ள. ஊட்டுல ஒரு மனிசருக்கும் சொல்லல்ல. நான் ஏசுவன் எண்டு பயமாம்."

"ஏசியிருப்பீங்களா காக்கா?"

"ஏசியிருப்பன்" என்றார், யோசிக்காமல். பிறகு மருமகனுடைய கிரெடிட் கார்ட்டை எடுத்து, லைசனுக்குப் பக்கத்தில் வைத்தார். "நாளைக்கு ரிஸ்வானக் கட்டுநாயக்க எயார்போட்டுக்குக் கொண்டு போகோணும். ஒரு வேன் தாங்க. டிரைவர் வேணாம், ஊட்ட ஆள் இரிக்கி."

நான் படிவத்தை எடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனா வைத்திருந்த என் கையைக் கைத்தடியால் மெல்லத் தட்டினார்.

"கார்ட்டப் பிறகு பாப்பம் தங்கச்சி. முதல்ல என்ட மகள்ட பேர எழுதுங்க."